சாவி யார் கையில்? டிஜிட்டல் பூட்டுகள் காப்பதும் காக்காததும்

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் முதல் காட்சி நின்றுபோனால், தியேட்டர் வாசலில் ரசிகர்களுக்குக் கிடைக்கும் பதில் மூன்றெழுத்தில் முடிந்துவிடும்: ‘கே.டி.எம். வரலை.’ படம் என்னவோ முன்கூட்டியே வந்து சர்வரில் ஏறித்தான் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவிதான் வரவில்லை. பைனான்சியருக்குத் தர வேண்டிய பாக்கியோ, நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையோ தீரும்வரை அது வராது. தீர்ந்தபின் ஒரு சிறு கோப்பாக வந்து இறங்கும், திரை ஒளிரும்.

திருட்டைத் தடுக்கக் கண்டுபிடித்த ஒரு பூட்டு கடன் வசூலுக்கும் கைகொடுக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. டி.ஆர்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஜிட்டல் உரிமை மேலாண்மை பற்றி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நடக்கும் சச்சரவு முழுவதும் இதைச் சுற்றித்தான் வருகிறது: சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை பேரிடம் போகிறது, எவ்வளவு காலத்துக்கு? பாட்டு, படம், புத்தகம், கணினி விளையாட்டு ஆகிய துறைகளில் இந்தப் பூட்டுகள் கண்ட வெற்றி தோல்விகளை அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. அவை காப்பது படைப்பை அல்ல, படைப்பின் முதல் சில வாரங்களை. அதற்கு மேல் காலத்தை நீட்டினால் பாரம் திருடன் தலையில் விழுவதில்லை. காசு கொடுத்து வாங்கியவர் தலையில் விழுகிறது.

எதிரியிடமே சாவி

மறையாக்கம் பழைய கலை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்தி அனுப்புகிறார். நடுவில் மூன்றாமவர் ஒட்டுக்கேட்டாலும் புரியக் கூடாது. வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் உரையாடலும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. இன்றைய கணிதத்தில் அந்தப் பூட்டை நேராக உடைப்பது நடைமுறையில் ஆகாத காரியம். டி.ஆர்.எம். நிலைமை வேறு. இங்கே செய்தியைப் பெறுபவரும் ஒட்டுக்கேட்பவரும் ஒரே ஆள். படத்தை வாங்கியவர் அதைப் பார்க்க வேண்டும், ஆனால் நகலெடுக்கக் கூடாது. பார்க்க வேண்டுமென்றால் சாவி அவர் வீட்டுப் பெட்டியிலோ கைப்பேசியிலோ இருந்தே ஆக வேண்டும். ஆகவே சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் ஒளித்தும் வைக்கிறார்கள். கணிதத்தின் வலிமை இங்கே பாதிதான் உதவும். மீதி ஒளித்துவைக்கும் சாமர்த்தியம்.

இன்னொரு கோணலும் உண்டு. வங்கிக் கணக்குகளைக் கொள்ளையடிப்பவன் ஒவ்வொரு கணக்காகத்தான் உடைக்க வேண்டும். படம் அப்படியில்லை. உலகத்தில் யாரோ ஒருவர் ஒருமுறை உடைத்தால் போதும், பூட்டில்லாத அந்த ஒரு நகல் எல்லாருக்கும் பரவிவிடும். 2002 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள் நால்வர் ‘டார்க்நெட்’ பற்றி எழுதிய ஆய்வுரை இதைத்தான் சொன்னது. நகல்களைப் பரிமாறும் வலைகள் எப்படியும் இருக்கும், கசிவை முழுக்க அடைக்க முடியாது, விலையிலும் வசதியிலும் அவற்றோடு போட்டியிடுவதே வழி என்று அவர்கள் எழுதினார்கள். டி.ஆர்.எம். மென்பொருளை விற்றுக்கொண்டிருந்த நிறுவனத்தின் ஊழியர்களே சொன்ன சொல் என்பதால் அந்த உரையை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

மார்க்கர் பேனாவும் ஷிஃப்ட் பொத்தானும்

தொடக்க காலப் பூட்டுகளின் கதையை இன்று படித்தால் சிரிப்பு வரும். டிவிடிக்காக 1996 இல் வந்த சி.எஸ்.எஸ். முறையில் சாவியின் நீளம் வெறும் 40 பிட். 1999 அக்டோபரில் ‘டி-சி.எஸ்.எஸ்.’ என்ற நிரல் இணையத்தில் வெளியாகி அதைத் திறந்துவிட்டது. அதை வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வேயின் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. ஹாலிவுட்டின் புகாரில் அவர்மீது வழக்கு நடந்தது. தான் காசு கொடுத்து வாங்கிய டிவிடியைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று ஓஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலைதான். அதே நிரலைத் தன் இணையதளத்தில் வெளியிட்ட ‘2600’ என்ற அமெரிக்க இதழோ நியூயார்க் நீதிமன்றத்தில் தோற்றது. ஒரே நிரலுக்கு இரண்டு நாட்டில் இரண்டு தீர்ப்பு ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

டிவிடியில் இன்னொரு பூட்டும் இருந்தது. அது நம் வீடுகள் நன்றாக அறிந்தது: ரீஜன் கோடு. அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பா 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியா 5. டொராண்டோவிலிருந்து சித்தப்பா ஆசையாக வாங்கிவந்த ஹாலிவுட் டிவிடி மதுரையில் ஓடாது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது? வட்டும் முறையாக வாங்கியது, பிளேயரும் முறையாக வாங்கியது, யாரும் நகலெடுக்கவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு விலைக்கு விற்கும் வசதியைத்தான் அந்த எண் காத்தது. ‘எல்லா ரீஜனும் ஓடுமா?’ என்று கேட்டுப் பிளேயர் வாங்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. பதிப்புரிமையின் பெயரில் சந்தைப் பங்கீட்டைக் காத்த முதல் பெரிய எடுத்துக்காட்டு என்று இதைச் சொல்லலாம்.

இசைத் தட்டுகளின் கதை இன்னும் கேவலம். சோனி நிறுவனத்தின் ஒரு தடுப்பு முறையை, தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்பாக ஒரு வட்டம் போட்டுத் தாண்டிவிடலாம் என்று 2002 இல் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு சன்காம் நிறுவனத்தின் பூட்டை, தட்டைப் போடும்போது ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாலே போதும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் காட்டினார். நிறுவனம் வழக்குப் போடப்போவதாக மிரட்டிவிட்டு, ஊர் சிரித்ததும் பின்வாங்கியது.

சிரிப்பு 2005 அக்டோபர் 31 அன்று நின்றது. சோனி பிஎம்ஜி வெளியிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத் தட்டுகள், கணினியில் போட்டவுடன் ஒரு மென்பொருளை நிறுவி, அதை இயங்குதளத்தின் கண்ணிலிருந்தே மறைத்துவைக்கின்றன என்று பாதுகாப்பு வல்லுநர் மார்க் ருசினோவிச் கண்டுபிடித்து எழுதினார். தீநிரல் எழுதுபவர்கள் கையாளும் ‘ரூட்கிட்’ உத்தி அது. ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும் என்பதால், சில நாள்களிலேயே உண்மையான தீநிரல்கள் வந்து அந்த மறைவில் குடியேறின. நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. வழக்குகள் இழப்பீட்டில் முடிந்தன. யோசித்துப் பாருங்கள். அதே பாட்டை இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கியவரின் கணினிக்கு இந்தத் தட்டால் ஒரு கேடும் இல்லை. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கியவரின் கணினி மட்டும் கெட்டது.

இசை பூட்டைக் கழற்றியது

ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை 2003 இல் ‘ஃபேர்பிளே’ என்ற பூட்டோடு திறந்தது. அங்கே வாங்கிய பாட்டு ஐபாடில் ஓடும், வேறு நிறுவனத்தின் கருவியில் ஓடாது. இசை நிறுவனங்கள் கேட்டுப் போட்ட பூட்டு நாளடைவில் இசை நிறுவனங்களின் கழுத்தையே நெரித்தது. பாட்டு வாங்கியவர் ஆப்பிளை விட்டு வெளியேற முடியாததால், விலை பேசும் வலிமை ஆப்பிளுக்குப் போய்விட்டது. 2007 பிப்ரவரி 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். 2006 இல் பூட்டோடு இணையத்தில் விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. பூட்டே இல்லாத இசைத் தட்டுகளில் அதே நிறுவனங்கள் விற்றது 2,000 கோடிக்கும் மேல். பெரிய கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சின்ன ஜன்னலைப் பூட்டுவதில் என்ன பொருள் என்பதே மடலின் சாரம். அந்த ஏப்ரலில் இஎம்ஐ பூட்டைக் கைவிட்டது. செப்டம்பரில் அமேசான் பூட்டில்லாத எம்பி3 கடையைத் திறந்தது. 2009 ஜனவரியில் ஐட்யூன்ஸின் பாடல்கள் முழுவதும் பூட்டின்றி விற்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது.

வானம் இடிந்து விழவில்லை. நான்கு பெரிய நிறுவனங்களும் வெவ்வேறு காலத்தில் பூட்டைக் கழற்றியதை வைத்துப் பொருளியலாளர் லாரினா ஜாங் ஓர் ஆய்வு செய்தார். பூட்டு போனபின் டிஜிட்டல் விற்பனை மொத்தத்தில் சுமார் 10 விழுக்காடு கூடியது. அதிகம் விற்காத ஆல்பங்களுக்கு உயர்வு 30 விழுக்காடு. உச்சத்தில் இருந்தவற்றுக்கு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. புகழில்லாத கலைஞனுக்குத் திருட்டைவிடப் பெரிய எதிரி, அவனை யாருக்கும் தெரியாமல் இருப்பது. பூட்டு அந்த எதிரிக்கே துணைபோயிருக்கிறது.

பதிப்புலகிலும் இது நடந்தது. அறிவியல் புனைவு வெளியிடும் டோர் நிறுவனம் 2012 இல் மின்னூல்களின் பூட்டைக் கழற்றியது. ஓராண்டு கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது.

இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சந்தா சேவைகளில் பாட்டு மறுபடியும் பூட்டுக்குள்தான் இருக்கிறது. யாரும் முணுமுணுப்பதில்லை. மாதச் சந்தா கட்டுபவர் பாட்டைச் சொந்தமாக்கிக்கொண்டதாக நினைப்பதில்லை என்பதே காரணம். வாடகைக்குப் பூட்டு பொருந்துகிறது, விற்பனைக்குப் பொருந்துவதில்லை. இந்த வேறுபாட்டை மறைத்து விற்பதில்தான் பின்னால் வந்த தொல்லைகள் பலவும் தொடங்குகின்றன.

தியேட்டரின் சாவி

டி.ஆர்.எம். உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் தியேட்டரின் புரொஜக்‌ஷன் அறையைக் காட்டுவேன்.

ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் 2002 இல் டி.சி.ஐ. என்ற கூட்டமைப்பை உருவாக்கி, டிஜிட்டல் சினிமாவுக்கான தர விதிகளை 2005 இல் வெளியிட்டன. படச்சுருளின் இடத்தில் இப்போது டி.சி.பி. என்ற கோப்புத் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு சட்டகமும் தனித்தனிப் படமாகச் சுருக்கப்பட்டு, 128 பிட் சாவியால் மறையாக்கப்பட்டிருக்கும். இந்தத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம்; சாவியில்லாமல் அதனால் பயனில்லை. சாவி தனியாக வருகிறது. அதுதான் கே.டி.எம்.

அதன் அமைப்பு அழகானது. உலகில் டி.சி.ஐ. தரத்தில் இயங்கும் ஒவ்வொரு சர்வருக்கும் தனக்கே உரிய ஒரு சான்றிதழ் உண்டு. அந்த ஒரு சர்வர் மட்டும் திறக்கக்கூடிய விதத்தில் சாவியைப் பொதிந்து அனுப்புகிறார்கள். ஆயிரம் திரைகளில் படம் வெளியானால் ஆயிரம் தனித்தனிச் சாவிகள். திருச்சிக்குப் போன சாவி திருநெல்வேலியில் செல்லாது. அதோடு, எந்த நாள் எத்தனை மணி முதல் எந்த நாள் எத்தனை மணிவரை என்ற காலக்கெடுவும் சாவிக்குள்ளேயே இருக்கும். கெடுவுக்கு முன்பும் பின்பும் படம் திறக்காது. மறையாக்கத்தை அவிழ்க்கும் வன்பொருளின் மூடியை யாராவது திறந்தால் உள்ளே இருக்கும் சாவிகள் அந்தக் கணமே அழிந்துவிடும். இந்தியாவில் எல்லாத் திரைகளும் இந்தத் தரத்தை எட்டியவை அல்ல. ஆனால் சர்வருக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு கெடு என்ற ஏற்பாடு நமக்கும் பழகிப்போனது. செந்தில் குமாரும் ஜெயேந்திராவும் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜிலிருந்து வளர்ந்த கியூப் சினிமா, இந்தத் துறையில் உலக அளவில் அறியப்பட்ட பெயர்.

இந்தப் பூட்டு உடையாததற்குக் காரணம் கணிதம் மட்டும் இல்லை. சாவியைப் பெறுபவர் யாரென்று தெரியும். அவர் ஒப்பந்தம் போட்டவர். அடுத்த வாரமும் அடுத்த படம் வேண்டும் என்று காத்திருப்பவர். அவருக்குப் பூட்டை உடைக்கும் ஆசை வரக் காரணமே இல்லை. கெடுவும் சில வாரங்கள்தான். முன்பு சொன்ன ‘எதிரியிடமே சாவி’ என்ற சங்கடம் இங்கே எழுவதில்லை.

மிச்சமிருக்கும் ஓட்டை கேமரா. திரையில் விழுந்த ஒளியை எந்த மறையாக்கமும் காக்காது. அதற்குத்தான் நீர்க்குறி. ஐந்து நிமிடப் படத்துக்குள் 35 பிட் தகவல், எந்தச் சர்வரில் எந்த நேரத்தில் ஓடியது என்ற விவரம், கண்ணுக்குத் தெரியாமல் காட்சிக்குள் கலந்திருக்கும். இணையத்தில் வந்த ‘கேம் பிரிண்ட்’டை ஆராய்ந்து எந்த ஊர், எந்தத் திரை, எந்தக் காட்சி என்று சொல்லிவிட முடிகிறது. நீர்க்குறி நகலெடுப்பதைத் தடுப்பதில்லை, எடுத்தவரைக் காட்டிக்கொடுக்கிறது. 2023 இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், தியேட்டரில் அனுமதியின்றிப் பதிவு செய்வதற்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாயிலிருந்து படத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடுவரை அபராதமும் விதிக்கிறது. ஆளைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பமும் ஆளைத் தண்டிக்கும் சட்டமும் சேர்ந்த இந்த ஏற்பாடு, வாங்குபவர் எல்லாரையும் சந்தேகிக்கும் பூட்டைவிட நேர்மையானது என்பது என் எண்ணம்.

ஆனால் சாவியும் சர்வரும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடம் வாசலும் போய்ச் சேர்கிறது. திரையிடலுக்கு டிஜிட்டல் சேவை நிறுவனங்கள் வாங்கும் வி.பி.எஃப். கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டை நிறுத்தினார்கள். ஒன்றரை மாதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் புதிய தமிழ்ப் படம் வரவில்லை. படச்சுருள் காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எந்த புரொஜக்டரிலும் ஓட்டலாம் என்ற நிலை இருந்தது. அது போனபின் வந்த சண்டை இது.

கறுப்புத் திரை

ஓடிடி செயலியில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சப்டைட்டில் மட்டும் விழும், படம் இருந்த இடம் கறுப்பாக இருக்கும். அதன் பின்னணியில் மூன்று பெயர்கள்: கூகுள் 2010 இல் வாங்கிய வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி மறையாக்கி அனுப்புகிறார்கள். செயலி உரிம சர்வரிடம் சாவி கேட்கிறது. சந்தா இருக்கிறதா, எந்த நாடு, என்ன கருவி என்று பார்த்துவிட்டு அது சாவி தருகிறது. நல்ல கருவியாக இருந்தால் இந்த வேலை, ஆண்ட்ராய்டே எட்டிப்பார்க்க முடியாத சிப்பின் தனிப்பகுதியில் நடக்கும். அது வைட்வைனின் எல்1 நிலை. மென்பொருளிலேயே நடந்தால் எல்3. அதற்கு நம்பிக்கை குறைவு, ஆகவே நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் எச்டி தருவதில்லை. 2017 இல் ஒன்பிளஸ் 5, 5டி கைப்பேசிகளை வாங்கியவர்கள், உயர்தரத் திரை இருந்தும் எச்டி வராததற்கு இதுவே காரணம் என்று பிறகுதான் அறிந்தார்கள்.

2017 செப்டம்பரில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உலாவிக்குள் இந்தப் பூட்டுகள் அமரும் இடத்தை அதிகாரப்பூர்வத் தரமாக ஏற்றது. எதிர்த்து வாதாடிய டிஜிட்டல் உரிமை அமைப்பான எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அன்றே அமைப்பிலிருந்து விலகியது.

இவ்வளவு செய்தும் ஓடிடியில் நள்ளிரவு வெளியான படம் விடிவதற்குள் திருட்டுத் தளங்களில் தெளிவான பிரதியாகக் கிடைக்கிறது. டிவிக்குப் போகும் கம்பியைக் காக்கும் எச்டிசிபி முறையின் தலைமைச் சாவி 2010 லேயே கசிந்துவிட்டது. எல்3 நிலை உடைந்த கதையும் பழசு. அப்படியானால் ஏன் இத்தனை செலவு? ஸ்டூடியோ பூட்டு கேட்கிறது. பூட்டில்லாமல் படம் தராது. பூட்டின் உரிமம் வேண்டுமென்றால் டிவி, கைப்பேசி, உலாவி தயாரிப்பவர்கள் எல்லாரும் விதிகளில் கையெழுத்திட வேண்டும். எந்தக் கருவியில் எந்தத் தரம், டவுன்லோடு எத்தனை நாள், ஒரே நேரத்தில் எத்தனை திரை என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. திருடர்களோடு சம்பந்தமில்லாத இந்த வேலையை டி.ஆர்.எம். மிக நன்றாகச் செய்கிறது.

திருட்டைப் பிடிக்க நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். 2012 இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற பெயர் குறிப்பிடாத தடையாணையை வைத்து இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற முறையான தளங்களையும் சேர்த்து முடக்கின. முழுத் தளத்தையும் முடக்கக் கூடாது, குறிப்பிட்ட முகவரியை மட்டும் முடக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டிவந்தது.

பன்னிரண்டு வாரம்

பூட்டு காப்பது காலத்தை என்று சொன்னேன். அதற்கு எண்ணிக்கையோடு சான்று தருவது கணினி விளையாட்டுத் துறை. டெனுவோ என்ற பூட்டு 2014 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அது பூட்டிய விளையாட்டுகளில் சில, வெளியான நாள்களிலேயே உடைந்தன; சில மாதக்கணக்கில் தாங்கின. இந்த வேறுபாட்டை வைத்து 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் வாரத்திலேயே உடைந்தால் வருவாயில் சுமார் 20 விழுக்காடு போகிறது என்று கணக்கிட்டது. உடைவது தள்ளிப்போகப் போக இழப்பு சுருங்குகிறது. ஏறக்குறைய 12 வாரம் கடந்தால் இல்லை என்றே சொல்லலாம். பல நிறுவனங்கள் சில மாதங்களில் டெனுவோவைத் தாங்களே நீக்கிவிடுகின்றன.

டி.ஆர்.எம். பயனற்றது என்று ஒரேயடியாகப் பேசுபவர்களுக்கு இந்த 20 விழுக்காடு பதில். அது காலமெல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு அந்த 12 வாரம் பதில்.

வாங்கியவருக்கு என்ன மிச்சம்?

2009 ஜூலையில் அமெரிக்க வாசகர்கள் சிலர் கிண்டிலில் தாங்கள் வாங்கிய புத்தகங்கள் காணாமல்போனதைக் கண்டார்கள். விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் தொலைவிலிருந்தே அவற்றை அழித்துப் பணத்தைத் திருப்பியிருந்தது. அழிந்தவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’. இதைக் கதையில் எழுதியிருந்தால் மிகை என்பார்கள். ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2019 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. பணம் திரும்பியது, புத்தகம் திரும்பவில்லை. 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கிவைக்கும் வழியை அமேசான் நீக்கியது. ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தியவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

பூட்டுக்குச் சட்டம் தெரியாது என்பது அடுத்த சிக்கல். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகளில் நூலின் பதிப்புரிமை முடிகிறது. பூட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ‘பொன்னியின் செல்வ’னை யாரும் அச்சிடலாம், யாரும் நகலெடுக்கலாம். அதே நாவலை ஒருவர் பூட்டுப் போட்ட மின்னூலாக விற்றால் பூட்டு மறுபேச்சில்லாமல் பூட்டிக்கொள்ளும். நூலகம் காப்புப் பிரதி எடுக்கலாம் என்று சட்டம் சொன்னாலும் அதற்குக் காது கேட்காது.

மிகக் கொடுமையாக அடிபடுபவர்கள் பார்வையற்ற வாசகர்கள். நூலைப் பேச்சாகவோ பிரெயிலாகவோ மாற்றிக்கொள்ளும் உரிமையை 2012 திருத்தத்தில் இந்தியச் சட்டம் தந்தது. அதற்கென உலக நாடுகள் 2013 இல் செய்த மராக்கேஷ் உடன்படிக்கையை 2014 இல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். ஆனால் கோப்பு பூட்டியிருந்தால் வாசிப்பு மென்பொருள் அதற்குள் நுழைய முடியாது. தாளில் உரிமை இருக்கிறது, சாவி இல்லை.

இரண்டு சட்டம்

1996 இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உடன்படிக்கை, இத்தகைய பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு தர வேண்டும் என்று நாடுகளைக் கேட்டது. எப்படித் தருவது என்பதில் அமெரிக்காவும் இந்தியாவும் வேறு வேறு வழியில் போயின.

அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1201 ஆம் பிரிவு, பூட்டை மீறுவதையே தவறாக்கியது. உள்ளே போய் நீங்கள் செய்தது நியாயமான காரியமா என்ற கேள்வி பிறகுதான். பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்புவதும் தவறு. ‘2600’ இதழ் தோற்றது இதனால்தான். 2001 ஜூலையில் லாஸ் வேகஸ் மாநாட்டில் பேசிவிட்டுக் கிளம்பிய ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியாரவ், அடோபியின் மின்னூல் பூட்டைத் திறக்கும் நிரலை எழுதியதற்காகக் கைதானார்; அவருடைய நிறுவனத்தை ஜூரி அடுத்த ஆண்டு விடுவித்தது. அச்சுப்பொறி மை உறையிலும் கராஜ் கதவின் ரிமோட்டிலும் இருந்த நிரலைக் காட்டி, போட்டி நிறுவனங்கள்மீது இதே பிரிவில் வழக்குகள் வந்தன. 2004 இல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அவற்றை ஏற்கவில்லை. சொந்த டிராக்டரைப் பழுதுபார்க்கும் விவசாயிக்கு 2015 இல்தான் விலக்கு கிடைத்தது. அந்த விலக்குகளையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தியா அவசரப்படவில்லை. 2012 இல் சேர்த்த 65ஏ பிரிவின் உயிர் ஒரு சொற்றொடரில் இருக்கிறது: உரிமையை மீறும் நோக்கத்துடன். அந்த நோக்கத்தோடு பூட்டை மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதம். சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை. மறையாக்க ஆய்வுக்கும், அனுமதியோடு செய்யும் பாதுகாப்புச் சோதனைக்கும் தனியே விலக்கு உண்டு. கருவிகளுக்குப் பொதுத் தடையும் இல்லை. 2018 இல் இந்தியா அந்த உலக உடன்படிக்கையில் சேர்ந்தபோதும் இந்தப் பிரிவை மாற்றவில்லை. நான் படித்த அளவில், டி.ஆர்.எம். பற்றி எழுதப்பட்ட அறிவார்ந்த சட்ட வாசகங்களில் இது ஒன்று.

குறையில்லாமல் இல்லை. இன்னொருவர் பூட்டைத் திறக்க உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்கிறது சட்டம். பார்வையற்ற மாணவருக்கு உதவும் கல்லூரி நூலகர் இதைப் படித்தால் தயங்கத்தான் செய்வார். திறக்கலாம் என்று அனுமதிக்கும் சட்டம், திறந்து தரும் பொறுப்பை விற்றவர்மீது சுமத்தவுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 ஆம் ஆண்டு நெறிமுறை அரைகுறையாகவாவது அதற்கு இடம் வைத்தது. நம் சட்டம் சொல்ல வேண்டியவை இவை: மாற்றுத்திறனாளிகளும் நூலகங்களும் கேட்டால் பூட்டில்லாத பிரதி தர வேண்டும், கடையை மூடுபவர் மூடுமுன் விற்றவற்றைத் திறந்துவிட வேண்டும், பதிப்புரிமை முடிந்த நூலுக்குப் பூட்டுப் போடுபவருக்கு 65ஏயின் நிழல் கிடைக்கக் கூடாது. அடுத்த திருத்தத்தில் இந்த மூன்றும் வர வேண்டும்.

அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகத்தின் ‘ஸ்பெஷல் 301’ அறிக்கைகள் இந்தியச் சட்டம் போதாது, உடன்படிக்கையை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. வணிகப் பேச்சுவார்த்தைகளில் இது பேரம் பேசும் பொருளாகக்கூடும். வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் ‘உரிமையை மீறும் நோக்கத்துடன்’ என்ற அந்தச் சொற்றொடரை விட்டுக்கொடுக்கக் கூடாது.